முதல் கெரிஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் வளர்ந்தவர்களுக்குக் கத்தி புதிதில்லை. பால்வெட்டுக் கத்தி, பாராங், செம்பனைக் குலை அறுக்கும் கழி அரிவாள், முனீஸ்வரன் கோயில் வாசலில் நட்டு வைத்த அரிவாள் என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஆனால் கையால் அடித்த பாரம்பரியப் போர்க்கத்திகளைச் சேர்ப்பது வேறு வேலை. அதற்குக் கண் பழக வேண்டும், பொறுமை வேண்டும், கொஞ்சம் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊரிலிருந்து அரை மணி நேரத்துக்குள் கோலகங்சார். அங்கே இன்றும் கெரிஸ் என்ற மலாய்க் குத்துவாளை அடிக்கிறார்கள். இப்படி ஒரு வாய்ப்பு பக்கத்திலேயே இருக்கும்போது, கைப்பேசியில் வரும் படத்தைப் பார்த்து “பழைய பொருள்” என்று பணம் அனுப்பும் இளைஞர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அதனால் என் முதல் ஆலோசனையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் முதல் கெரிஸ் பழையதாக இருக்க வேண்டாம். உயிரோடு இருக்கும் ஒரு கொல்லரிடம், அவர் அடித்ததை, புதிதாக வாங்குங்கள். காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம்

இதைக் கடைசியில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நம் பிள்ளைகளுக்காக நான் இதை முதலில் வைக்கிறேன். 1958-ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், ஆபத்தான ஆயுதங்கள் சட்டப்படி, தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் சிறைத் தண்டனையும் பிரம்படியும் உண்டு. “நான் சேகரிப்பாளர்” என்று சாலைத் தடுப்பில் சொன்னால் மட்டும் போதாது. மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் கெரம்பிட், பாடேக் போன்ற சிறு கத்தியை வைத்துக்கொண்டு இரவில் ஊர் சுற்றும் தமிழ்ப் பையனைப் போலீஸ் எந்தக் கண்ணோடு பார்க்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே வாங்கிய கத்தியை உறையோடு துணியில் சுற்றி, பெட்டியில் பூட்டி, வண்டியின் பின்பெட்டியில் வைத்து, நேராக வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ரசீது கூடவே இருக்கட்டும். வழியில் சாப்பாட்டுக் கடையில் நண்பர்களிடம் எடுத்துக் காட்ட வேண்டாம். இடுப்பில் செருகிப் படம் எடுக்கும் ஆசை இருந்தால் வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பூட்டுப் போட்ட அலமாரி இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள், கத்தி அப்புறம்.

இன்னும் மூன்று சட்டங்களைத் தெரிந்து வைத்திருங்கள். யானைத் தந்தம், கடற்பசுவின் தந்தம் போன்றவற்றில் செய்த கைப்பிடி என்று யாராவது காட்டினால் தொடாமல் விலகிவிடுங்கள். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வாணிபம் பற்றிய 2008-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. பழைய மரபுப் பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்புவதென்றால் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டப்படி அனுமதி தேவைப்படலாம். தமிழ்நாட்டுக்குப் போகும்போது திருப்பாச்சேத்தி அரிவாளோ பிச்சுவாவோ வாங்கி வர நினைப்பவர்கள், விமானம் ஏறும் முன்பே இங்குள்ள சுங்கத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

வாங்குமுன் பார்த்துப் பழகுங்கள்

1989-இல் வந்த ஒரு ரிங்கிட் (ஒரு வெள்ளி) நாணயத்தின் பின்பக்கத்தில் கெரிஸும் சொங்கெட் துணியும் இருக்கும். 2005 டிசம்பரில் அந்த நாணயம் செல்லாததானது. வீட்டு உண்டியலில் ஒன்றிரண்டு இன்னும் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். கெரிஸின் வடிவம் மனதில் பதிய அதுவே போதும்.

பிறகு தைப்பிங்கில் 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகத்துக்கும், கோலகங்சாரில் உள்ள சுல்தான் அஸ்லான் ஷா காட்சியகத்துக்கும் போய்வாருங்கள். கோலாலம்பூர் போகும்போது தேசிய அருங்காட்சியகத்தையும் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தையும் விட வேண்டாம். பின்னதில் ஆயுதங்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைத் தொட முடியாதுதான். ஆனால் நல்ல வேலை எப்படி இருக்கும் என்பது கண்ணில் ஏறிவிட்டால், சந்தையில் மட்டமான பொருளைப் பார்த்தவுடன் ஏதோ சரியில்லை என்று தோன்றும். அந்தத் தோன்றலை மதியுங்கள்.

“இது மலாய்க்காரர்களின் பொருள், நமக்கு எதற்கு?” என்று வீட்டில் யாராவது கேட்கலாம். மத்திய ஜாவாவில் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுக்கூ கோயிலில் ஒரு பட்டறைச் சிற்பம் இருக்கிறது. அதில் கெரிஸ் அடிப்பவன் பீமன். துருத்தி ஊதுபவன் அர்ச்சுனன். நடுவில் ஆடிக்கொண்டிருப்பவர் பிள்ளையார். கெரிஸ் மலாய், ஜாவானிய மக்களின் பெருமை, அதில் நாம் பங்கு கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதை மதித்துக் கற்றுக்கொள்ள நாம் அந்நியர்களும் இல்லை.

உறுப்புகளின் பெயர்கள்

கடைக்காரரிடம் பேசுவதற்கு இவை தேவை. அலகுக்கு பீலா, கைப்பிடிக்கு ஹூலு, உறைக்கு சாரோங் என்று பெயர். உறையின் மேலே படகு போல விரியும் குறுக்குத் துண்டு சம்பிர். உறையின் தண்டு பாத்தாங், அடிமுனை புந்துட். கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையே உள்ள உலோகக் கிண்ணம் பெண்டோக்கோக். அலகின் அடியில் தனியாகச் செய்து பொருத்திய குறுக்குப் பட்டை கஞ்சா (ஆமாம், அப்படித்தான் சொல்கிறார்கள், பயப்பட வேண்டாம்). அலகின் அடியில் தும்பிக்கை போல நீட்டிக்கொண்டிருப்பது பெலாலாய் காஜா. கைப்பிடிக்குள் நுழையும் கம்பி பூத்திங்.

அலகின் வளைவு ஒவ்வொன்றும் ஒரு லோக். அது எப்போதும் ஒற்றைப்படையாகவே வரும்: மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று. அடியிலிருந்து நுனி வரை இரண்டு பக்கமும் மாறி மாறி எண்ண வேண்டும். இரட்டைப்படையாக வந்தால் பெரும்பாலும் நுனிக்கு அருகே ஒன்றை விட்டிருப்பீர்கள். வளைவே இல்லாத நேர் அலகும் உண்டு. புதியவர்கள் வளைவுதான் கெரிஸ் என்று நினைத்து நேர் அலகை ஒதுக்குகிறார்கள். அப்படி ஒதுக்காதீர்கள். நேர் அலகில் கொல்லர் தன் குறையை மறைக்க இடமே இல்லை.

கைப்பிடிகளில் தீபகற்பத்தில் அதிகம் காண்பது குளிரில் ஒடுங்கி உட்கார்ந்த மனிதனைப் போன்ற ஜாவா டெமாம். கிளந்தான், தென் தாய்லாந்தின் பட்டாணி பக்கத்தில் நீண்ட மூக்குடைய தாஜோங் இருக்கிறது. அது அழகு, விலையும் அதிகம். போலியும் அதில்தான் அதிகம் வருகிறது.

கொல்லரிடம் போவது

கோலகங்சாரில் பாடாங் சங்காட் கம்பத்தில் கெரிஸ் வேலை நடப்பது பலருக்கும் தெரியும். கேட்டால் வழி சொல்வார்கள். முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். தொழுகை நேரத்தைத் தவிர்த்து, வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிர்த்துப் போனால் நல்லது.

பெரியவரை “பாக் சிக்” என்று கூப்பிடுங்கள். கத்தியை எடுக்குமுன் “போலே சாயா தெங்கோக்?” (நான் பார்க்கலாமா?) என்று கேளுங்கள். உறையிலிருந்து உருவுமுன் இன்னொரு தடவை கேளுங்கள். வலது கையாலோ இரு கைகளாலோ வாங்குங்கள். உருவும்போது இடது கையால் சம்பிருக்குக் கீழே பிடித்து, கட்டைவிரலால் சம்பிரை மெதுவாகத் தள்ளித் தளர்த்தி, அலகு மரத்தில் உரசாமல் நேராக இழுக்க வேண்டும். உறையின் தண்டைச் சுற்றி விரல்களைப் பதித்துப் பிடிக்காதீர்கள். பழைய உறை பிளந்திருந்தால் இரண்டு பக்கமும் கூரான அலகு அந்த வழியாக விரலை அறுத்துவிடும். நுனியை யார் பக்கமும் நீட்ட வேண்டாம். திருப்பித் தரும்போது உறைக்குள் போட்டுவிட்டுத் தாருங்கள்.

நான் புதிதாக வாங்கச் சொல்வதற்குக் காரணம் இந்தப் பட்டறைதான். அடித்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். இரும்பையும் எஃகையும் அடுக்கி, காய்ச்சி, அடித்து ஒட்டவைத்து, மடித்து மறுபடி அடிப்பதை அவர் வாயாலேயே கேட்கலாம். நடுவில் எஃகு எங்கே இருக்கிறது, அலகின் மேலே தெரியும் கோலம் எப்படி வந்தது, கைப்பிடிக்கு ஏன் கெமுனிங் மரம் என்று கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அரைகுறையாக நின்ற அலகைக் காட்டுவார்கள். பழைய பொருளை விற்கும் வியாபாரியிடம் இதில் ஒன்றும் கிடைக்காது. அவரிடம் கதைதான் கிடைக்கும். பட்டறையில் கற்றதை வைத்துத்தான் பிறகு அந்தக் கதையை எடைபோட முடியும். இன்னொன்றும் உண்டு. இந்தக் கைத்தொழில் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நாம் கொடுக்கும் வெள்ளி பட்டறை நெருப்புக்குப் போவதில் எனக்கு நிறைவு இருக்கிறது.

விலை பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். கெரிஸ் விஷயத்தில் பலர் “விலை எவ்வளவு” என்று கேட்பதில்லை, “மஹர் எவ்வளவு” என்று கேட்பார்கள். முஸ்லிம் திருமணத்தில் மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் அதே மஹர்தான். நீங்களும் அப்படியே கேளுங்கள். பசார் மாலாமில் மீன் வாங்குவதுபோல் பாதிக்குப் பாதி குறைக்கச் சொல்ல வேண்டாம். கட்டுப்படியாகவில்லை என்றால் மரியாதையாகச் சொல்லிவிட்டு, பணம் சேர்த்துக்கொண்டு மறுபடி போங்கள். சுற்றுலாக் கடையில் சில பத்து வெள்ளிக்கு விற்பது சுவரில் மாட்டும் பொம்மை. கையால் அடித்தது சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போகும். சொல்லிச் செய்வதானால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும், முன்பணமும் கேட்பார்கள். இரண்டும் நியாயமே.

கெரிஸுக்கு இவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் தும்புக் லாடா அல்லது பாடேக்கில் தொடங்கலாம். இரண்டும் ஒரு பக்கம் மட்டும் கூரான குத்துக்கத்திகள். கஞ்சா, லோக் என்ற சிக்கல் இல்லை. நல்ல கைவேலையைக் குறைந்த விலையில் தெரிந்துகொள்ள இவை ஏற்றவை.

அலகைப் பரிசோதிப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். வெளிச்சத்துக்கு வந்து, அலகைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள்.

முதலில் கஞ்சாவைப் பாருங்கள். பெரும்பாலான கெரிஸ்களில் அது தனித் துண்டு. அலகோடு சேருமிடத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். கோடு சீராக இருக்க வேண்டும், அதில் வெளிச்சம் ஊடுருவக் கூடாது. ஒரே துண்டாக அடித்தவையும் உண்டு. ஆனால் தனித் துண்டு போலத் தெரிவதற்காக மேலே ஒரு கீறல் மட்டும் போட்டிருந்தால் அது பொம்மை வேலை.

அடுத்தது பாமோர், அதாவது அலகில் தெரியும் கோலம். நிக்கல் கலந்த உலோகமும் இரும்பும் அடுக்கடுக்காகச் சேர்ந்து அடிபட்டால் வருவது அது. உண்மையான பாமோர் உலோகத்தின் உடம்புக்குள் ஓடும். அலகின் விளிம்பிலும், நடுமேட்டின் சரிவிலும், கஞ்சாவின் பக்கத்திலும் அந்த வரிகள் தொடர்ந்து போகும். அமிலத்தால் மேலே வரைந்த போலிக் கோலம் விளிம்புக்கு வந்ததும் நின்றுவிடும். இரண்டு பக்கமும் அச்சடித்தது போல ஒன்றாகவே இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அதற்காகப் பாமோர் பளிச்சென்று இல்லை என்று ஒதுக்கவும் கூடாது. தீபகற்பத்துக் கெரிஸ்கள் பலவற்றில் அது அடங்கியே இருக்கும், சிலவற்றில் கண்ணுக்கே தெரியாது.

“இது விண்கல் இரும்பு” என்று சொல்லி விலையேற்றுகிறவர்கள் உண்டு. ஜாவாவில் விழுந்த பிரம்பானான் விண்கல்லைச் சுராகார்த்தா அரண்மனையில் வைத்து, அதன் இரும்பைச் சில கெரிஸ்களில் சேர்த்தது உண்மை. அதற்கும் உங்கள் முன்னால் இருப்பதற்கும் தொடர்பு உண்டென்று காட்ட ஆதாரம் இல்லாதவரை, அந்தச் சொல்லுக்காக ஒரு காசும் கூடுதலாகத் தர வேண்டாம்.

பிறகு கையில் பிடித்துப் பாருங்கள். கெரிஸ் வெட்டுவதற்கானது இல்லை, குத்துவதற்கானது. கைப்பிடி வளைந்திருப்பதும், அலகின் அடி அகன்றிருப்பதும், அலகு கொஞ்சம் சாய்ந்து நிற்பதும் அதற்காகவே. கையில் வைத்தவுடன் நுனி தானாக முன்னோக்கிப் போக வேண்டும். கனமாக, மொத்தையாக, நுனி தொங்குவது போல இருந்தால் அது தகட்டிலிருந்து வெட்டி எடுத்ததாக இருக்கலாம். அரவை இயந்திரத்தின் நேர்க்கோட்டுத் தடங்கள் லோக்கின் உள்வளைவுகளில் மிஞ்சியிருக்கும், விரல் நகத்தால் தடவினால் தெரியும்.

கடைசியாக உறை. தலைகீழாகப் பிடித்தால் அலகு நழுவி விழக் கூடாது, ஆட்டினால் கடகடக்கவும் கூடாது. கைப்பிடி கொஞ்சம் சுழன்றால் பயப்பட வேண்டாம். பல கெரிஸ்களில் பூத்திங்கைத் துணியோ நூலோ சுற்றிக் கைப்பிடிக்குள் இறுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். அதைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று முறுக்காதீர்கள்.

பழையதை வாங்கும் காலம் வந்தால்

பட்டறைக்குப் போய்ப் பழகிய பிறகு பழையவற்றைப் பார்க்கலாம். ஜாவாவுக்கு அருகே மதுரா தீவில், சுமெனெப் பகுதியின் ஆயெங் தொங்-தொங் கிராமத்தில் ஏராளமான கொல்லர்கள் இருக்கிறார்கள். அவர்களின் கெரிஸ்கள் பல நாடுகளுக்குப் போகின்றன. அவற்றில் மிக நல்ல வேலை உண்டு. அதைப் புதியது என்று சொல்லி விற்பவர் நேர்மையானவர். அரித்து, கறையேற்றி, “300 வருடப் பழசு” என்று விற்பவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். செயற்கையாக அரித்த அலகில் குழிகள் எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருக்கும். காலத்தால் தேய்ந்தது அப்படி இருக்காது. நுனியிலும் விளிம்பிலும் அதிகமாகவும், கஞ்சாவுக்குப் பக்கத்தில் குறைவாகவும் தேய்ந்திருக்கும்.

குடும்பச் சொத்தாக வந்த கெரிஸை புசாக்கா என்பார்கள். அதை விற்க ஒருவர் வந்தால், வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். அவசரத்தில் இருப்பவரிடம் அன்றே வாங்க வேண்டாம். மறுபடி யோசித்துவிட்டு வரச் சொல்லுங்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்ல மறுத்தால் விட்டுவிடுங்கள். திருட்டுப் பொருளென்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலோ தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவு உங்கள் மீது பாயும். கெரிஸுக்குள் ஆவி இருக்கிறது, அது வீட்டுக்கு ராசி தரும் என்றெல்லாம் சொல்வார்கள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்யாதீர்கள், ஆனால் அதற்காகப் பணம் கூட்டிக் கொடுக்கவும் வேண்டாம்.

வீட்டில் பராமரிப்பது

நம் ஊர் ஈரம் இரும்புக்குப் பகை. மாதம் ஒரு முறை அலகை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, தையல் இயந்திரத்துக்குப் போடும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானால் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். எண்ணெய் வழிய வழிய உறைக்குள் போட்டால் மரம் ஊறிக் கறுத்துப்போகும். அலமாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு, மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருங்கள். பளபளப்பாக்க பாலிஷ், இரும்பு நார், சாணைச் சக்கரம் எதையும் அலகின் அருகில் கொண்டுபோகாதீர்கள். பாமோர் போனால் போனதுதான்.

எலுமிச்சைச் சாறால் துருவை எடுத்து, பாஷாணம் கலந்து அலகைக் கறுப்பாக்கிப் பாமோரை வெளிக்கொண்டுவரும் முறை ஒன்று உண்டு. அதற்கு வாராங்கான் என்று பெயர். அதில் சேர்வது அரிதாரம், மனோசிலை வகையைச் சேர்ந்த ஆர்செனிக். உயிரைக் கொல்லும் விஷம். காணொளி பார்த்துவிட்டு வீட்டுச் சமையலறையில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். ஜாவாவில் சூரோ மாதத்தில் கெரிஸ் கழுவும் வழக்கம் உண்டு. இங்கேயும் அந்தக் காலத்தை ஒட்டிச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கொல்லரிடமே கொடுங்கள். வாராங்கான் போட்ட அலகைத் தொட்ட பிறகு கை கழுவுங்கள், குழந்தைகள் தொட விடாதீர்கள்.

நம் வீடுகளுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஆயுத பூசையன்று கெரிஸையும் படியில் வைக்க ஆசை வரும். வைக்கலாம், தவறில்லை. ஆனால் குங்குமம், சந்தனம், திருநீறு எதையும் அலகில் இட வேண்டாம். ஈரச் சந்தனம் ஒரே இரவில் துருப்புள்ளி போட்டுவிடும். பொட்டை உறைக்குக் கீழே விரித்த தட்டில் வையுங்கள். எலுமிச்சம் பழத்தை அலகின் நுனியில் குத்தாதீர்கள். சாம்பிராணி காட்டலாம், மலாய்க்காரர்களும் கெமெஞான் புகைதான் காட்டுகிறார்கள். சுற்றி வைக்க மஞ்சளில் நனைத்த துணி வேண்டாம், சாயம் போடாத வெள்ளைப் பருத்தித் துணி போதும்.

பதிவேடு

வாங்கிய அன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, கொடுத்த மஹர், யாரிடம் வாங்கியது, அலகின் நீளம், லோக் எத்தனை, கைப்பிடி என்ன மரம், உறை என்ன மரம். அலகின் இரு பக்கத்தையும், கஞ்சாவை மேலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் இடது பாதியில் விற்றவர் சொன்னதையும், வலது பாதியில் நீங்களே கண்ணால் கண்டதையும் எழுதுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். சொல்லிச் செய்ததானால் கொல்லரின் கையெழுத்தையும் அதே பக்கத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதை நோட்டின் உள்ளட்டையில் ஒட்டிவிடுங்கள். அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது, உங்களுக்குப் பிறகு எந்தக் கத்தி யாரிடம் போக வேண்டும் என்பதைக் கடைசிப் பக்கத்தில் எழுதி, வீட்டில் ஒருவருக்காவது காட்டி வையுங்கள்.